சின்னவன் கல்யாணம் முடியட்டும்

சென்ற வாரம் ஒரு புது வருவாய் ஆய்வாளர் எனக்குப் போன் செய்தார். நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்திருக்கும் பெண். "மேடம், ஒரு அம்மா இ-சேவையில முதியோர் பென்ஷனுக்கு அவங்களே வந்து பதிவு பண்ணியிருக்காங்க. நான் விசாரணைக்குப் போனா வாசல்லயே நிறுத்தி, நான் எதுவும் பதியலையேங்கறாங்க. என்னன்னு எழுதறது?" என்றார்.

"அந்த வீட்டுல யாருக்காவது கல்யாணம் பேசறாங்களான்னு கேட்டீங்களா?" என்றேன்.

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "விசாரணைப் படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்லையே மேடம்" என்றார். இல்லைதான். நான் பணியில் இருந்த காலத்திலும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அரசாங்கத்துக்கு இந்த விஷயம் மிக எளிது. அறுபது முடிந்தால் முதியவர். எனக்கும் அப்படித்தான் முடிந்தது. மாதக் கடைசி நாளில் ஒரு சால்வை, ஒரு குத்துவிளக்கு, ஆளுக்கொரு லட்டு, காகிதத் தட்டில் மிக்சர். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வந்தவள் என்பதால் பணமும் ஒழுங்காக வங்கியில் விழுகிறது. எப்போதிலிருந்து வாங்கிக்கொள்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பிள்ளை சோறு போடவில்லையா என்று தெருவில் ஒரு வார்த்தை கிடையாது. சொல்லப்போனால் என் மகன் அதன் பிறகுதான் அடிக்கடி போன் செய்து என் உடம்பைப் பற்றி விசாரிக்கிறான்.

தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தட்டச்சு, பதிவறை, தேர்தல், வெள்ளம், ஜமாபந்தி என்று பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் என்னைப் பந்தாடினார்கள். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய முத்திரை குத்தினேன், முதுகு வலி வந்தது. பதவி உயர்வில் வருவாய் ஆய்வாளரான பிறகுதான் உண்மையான உத்தியோகம் ஆரம்பித்தது. முதியோர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும் பெண்களின் வீட்டுக்குப் போய், இவளுக்கு ஆதரவு யாரும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். வீடு நிறையப் பிள்ளைகள் இருப்பவளைப் பற்றி, அவள் பிள்ளைகளின் முன்னாலேயே.

ஆண்களால் எனக்கு ஒரு தொல்லையும் இருந்ததில்லை. அறுபது முடிந்த மறுநாள் காலையில் ஜெராக்ஸ் கட்டோடு வந்து நிற்பார்கள். ஐம்பத்தெட்டிலேயே வந்து, "இப்பவே எழுதி வெச்சிடுங்க, எப்படியும் ஆவப்போவுது" என்றவர்களும் உண்டு. பெண்கள் வர மாட்டார்கள். புருஷன் இருக்கும்வரை, "அவரு இருக்கையில நான் ஆதரவத்தவளா?" என்பார்கள். புருஷன் போன பிறகு விதவை உதவித்தொகை உண்டே என்றால், அதற்கு முன்னாலும் 'ஆதரவற்ற' என்ற அதே சொல் நிற்கும். ஆம்பளைப் பிள்ளை பெற்றவள் அந்தச் சொல்லுக்குக் கீழே கைநாட்டு வைப்பாளா? பெரியவன் கல்யாணம் முடியட்டும், சின்னவன் கல்யாணம் முடியட்டும், மருமகளுக்கு வளைகாப்பு முடியட்டும், பேரனுக்குக் காது குத்தட்டும் என்று தள்ளிக்கொண்டே போவார்கள்.

பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரம் இளநீர்க் கடை வைத்திருந்த ஒரு அம்மா அறுபதைத் தாண்டியும் விண்ணப்பிக்க முடியாமல் இருந்தார். அத்தை மகனைக் கட்டியவர், அவனைவிட மூத்தவர். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஆதார் எடுத்த அன்று வரிசையில் ஊரே நின்றதால், புருஷன் தன் வயதைச் சொல்லி முடித்ததும் அதில் ஐந்தைக் கழித்துத் தன் வயதாகச் சொல்லிவிட்டார். விளைவு, புருஷன் பென்ஷன் வாங்கிப் பீடி குடிக்கிறார். "நான் மட்டும் இன்னும் கொமரியாட்டம் இளநி வெட்டிக்கிட்டிருக்கேன்" என்றார் அந்த அம்மா. வயதைத் திருத்த என்ன சான்று வேண்டும் என்று சொன்னேன். கேட்டுவிட்டு அரிவாளைத் துடைத்தபடி, "போவட்டும் வுடுங்க. இந்த வயசுக்கு மேல அவரவிட மூத்தவளா மாறி என்னா பண்ணப்போறேன்" என்றார்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு அம்மா பெரம்பலூருக்கே பஸ் ஏறி வந்தார். தன் ஊரில் விண்ணப்பம் வாங்கினால் தெரிந்துவிடுமாம். "மவனுங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுச் சபுர்ல இருக்கானுவோ. ஊருக்குத் தெரிஞ்சது அதாம்மா. பணம் வந்து எம்புட்டு நாளாச்சுன்னு எனக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும்" என்றார். எழுதிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஒருத்தனாவது ஊருக்கு வந்து பொட்டி பிரிச்சுட்டுப் போவட்டும். அப்பறமா தரேன்" என்று போனவர்தான். நான் அந்த இடத்தைவிட்டு மாறும்வரை வரவில்லை.

இப்படிப்பட்ட பெண்களை விசாரித்து முடிவெடுக்க வேண்டியவர் தெய்வசிகாமணி சார். நான் வேலை பார்த்த தாலுகா ஒன்றில் அவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். தாலுகாவின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர். கை சுத்தம். யாரையும் ஒருமையில் பேச மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். விண்ணப்பதாரர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார், கொண்டு வந்து போடும் நாற்காலியில் உட்கார மாட்டார். இவ்வளவு நல்லவரிடம் ஒரு பெண் தனக்கு ஆதரவு இல்லை என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை முழுதாகப் படிப்பார். படித்துவிட்டு, "சரிம்மா, எதுக்கும் ஒருதரம் நேர்ல பார்த்துடுவோம்" என்பார். காலைச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவோம். தெருமுனையிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு நடப்பார். வீட்டுக்குள் போக மாட்டார். சுற்றிக்கொண்டு நேராகக் கொல்லைப்புறம் போவார். ஒரே வீட்டில் இருந்தாலும் கிழவிக்குத் தனி அடுப்பு இருந்தால் அவள் தனியாகப் பொங்கித் தின்கிறாள், மகன் சோறு போடவில்லை என்று பொருள். இருப்பது ஒரே அடுப்பு என்றால் ஆதரவு உண்டு. "மனுசங்க ஆயிரம் சொல்வாங்க, அடுப்பு பொய் சொல்லாதும்மா" என்பது அவருடைய முடிவு. அடுப்பைப் பார்த்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

சீக்கிரமே தாலுகா முழுக்க இது தெரிந்துபோனது. மாடி வீட்டுக் கொல்லையில்கூட அவசர அவசரமாக மண் அடுப்புகள் முளைத்தன. இரண்டு கார் வைத்திருப்பவரின் அம்மா, கழுத்துச் செயினைக் கழற்றி வைத்துவிட்டு, "முந்தாநாளு தின்னது சார்" என்று மூக்கைச் சிந்தினார். சார் சும்மா விடுவாரா? குனிந்து அடுப்பின் உள்பக்கம் விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பார். கரி ஒட்டாவிட்டால் நாடகம். உடனே ஊரார் தென்னமட்டையைக் கொளுத்திப் புது அடுப்புக்குப் புகை போட்டார்கள். அதற்கும் அவர் ஒன்று கண்டுபிடித்தார். புகைக் கரி விரலில் வழுக்குமாம், சமைத்த கரி சொரசொரக்குமாம். வருவாய்த் துறைத் தேர்வுகளில் இதற்குப் பாடம் கிடையாது, சாரே கற்றுக்கொண்டது. தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பதில் அவருக்கு ஒரு அடக்கமான பெருமை இருந்தது.

பச்சையம்மாளுக்கு எல்லாமே உண்மை. அதனால்தான் அவளுக்குச் சிக்கல்.

ஏலாக்குறிச்சிக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். புருஷன் இல்லை. பெரியவன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான், அவன் குடும்பத்தோடுதான் இவளும் இருந்தாள். சின்னவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், கல்யாணத்துக்கு நின்றான். மருமகள் கொடுமைக்காரி அல்ல. ஏதோ ஒரு கோபத்தில், "ஒரு ஆளு சம்பாதிச்சு ஊரே திங்கணுமா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பச்சையம்மாள் களை எடுக்கப் போன காசில் ஒரு சட்டி வாங்கி, கொல்லையில் தகரத்துக்குக் கீழே தனி அடுப்பு போட்டாள். கைகால் நன்றாக இருந்தவரை அது ஓடியது. அப்புறம் முட்டி போய்விட்டது. வயலில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ரேஷன் அரிசி உண்டு. அதற்குமேல் பருப்புக்கும் எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் மருமகளிடம் கை நீட்ட வேண்டும். அவள் சாகத் தயார், கேட்கத் தயாரில்லை.

நூறு நாள் வேலை நடந்த இடத்தில், மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவளை நான்தான் முதலில் பார்த்தேன். எழுதிக் கொடு என்றேன். "சின்னவன் கல்யாணம் முடியட்டுங்க ஆர்.ஐ. அம்மா. பெத்தவ பிச்ச வாங்குறான்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள். இது பிச்சை இல்லை, அரசாங்கம் தருவது என்றேன். "குடுக்கறவங்க யாரா இருந்தா என்னா, வாங்குறவ நானுதானே" என்றாள். நானும் விடவில்லை. கடைசியில், தெருவில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ரேகை வைத்தாள். அறிக்கையை எழுதி சாரிடம் கொடுத்தேன். படித்தார். "எதுக்கும் ஒருதரம் நேர்ல பார்த்துடுவோம்" என்றார்.

நாங்கள் போன அன்று அந்த வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. "ஆதரவு இல்லாதவங்க வூட்டு வாசல்ல வண்டி நிக்குதேம்மா" என்றார் சார், எப்போதும்போல மரியாதையாக. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பார்ப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆண்கள் முன்னால் உட்கார்ந்து நிலம், கிணறு, கூலி என்று பேசுவார்கள். பெண்ணின் அம்மா ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மெதுவாகக் கொல்லைப்புறம் போவாள். அவள் பார்க்க வருவதும் அடுப்பைத்தான். இரண்டு அடுப்பு தெரிந்தால் சண்டை பிடித்த குடும்பம், பெற்றவளுக்குச் சோறு போடாத பிள்ளைகள், நம் பெண்ணையும் நாளைக்கு நடுத்தெருவில் விடுவார்கள் என்று அர்த்தம். தெய்வசிகாமணி சாரின் சோதனையும் பெண்ணைப் பெற்றவளின் சோதனையும் ஒன்றேதான். ஒன்றில் தேறினால் மற்றதில் தேற முடியாது.

கொல்லைப்புறம் போனோம். தகரத்துக்குக் கீழே அடுப்பைக் காணோம். அந்த இடம் பளிச்சென்று சாணம் மெழுகியிருந்தது. பச்சையம்மாள் புதுப் புடவையில் நின்றாள். பக்கத்தில் பெண்ணின் அம்மா, நல்ல உயரமான மனுஷி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு இடத்தை அளப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் பச்சையம்மாள் மெழுகிய இடத்தை மறைப்பதுபோல் நகர்ந்து நின்றாள்.

"இவங்கள்லாம் யாரு?" என்றாள் பெண்ணின் அம்மா.

சார் வாயைத் திறந்தால் உண்மையைத்தான் சொல்வார். நான் முந்திக்கொண்டேன். "வோட்டர் லிஸ்ட் சரிபார்க்க வந்தோங்க. வயசானவங்கள நேர்ல பார்க்கணும்." சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கீழே வேலை செய்பவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் அதை விட்டுவிட்டு, தன் கேள்விக்குப் போனார்.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

வாக்காளர் பட்டியலுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிப் பழகிய ஜனம்.

பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள், பெண்ணின் அம்மாவைப் பார்த்தாள். "இட்லிங்க. கொத்சு. என் மருமவதான் போட்டுச்சு. வேணாம் வேணாங்கறேன், மேல ரெண்டு வெக்கிது" என்றாள். உள்ளேயிருந்து இட்லித் தட்டோடு வந்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடுப்பு?"

"உள்ள இருக்குங்க. ஒண்ணுதான்."

சார் உள்ளே எட்டிப் பார்த்து, தலையசைத்துவிட்டு நடந்தார். ஜீப்பில் ஏறியதும் நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: "சார், அந்தம்மா அடுப்ப இடிச்சிருக்காங்க. மொழுகின எடம் இன்னும் ஈரமா இருந்துச்சு." அவர் பேனாவின் மூடியைக் கழற்றியபடி, "இருக்கறத பார்த்து எழுதலாம்மா. இல்லாதத எப்படிப் பார்த்து எழுதறது?" என்றார். 'ஆதரவு உண்டு. தள்ளுபடி செய்யலாம்' என்று மணிமணியான கையெழுத்தில் எழுதினார். எனக்கு வந்த கோபத்தில் அலுவலகம் போகும்வரை அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சம்பந்தம் உறுதியானது. பிறகு பச்சையம்மாளைப் பார்த்தபோது, "அன்னிக்கு நெசமாவே எனக்கு ரெண்டு இட்லி கெடச்சுதுங்க. ஆனா நீங்க போன பொறவு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நிச்சயம், பத்திரிகை, பந்தல் என்று சம்பந்தி வீட்டார் வந்து போய்க்கொண்டே இருந்ததால் அடுப்பைத் திரும்பப் போட முடியவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பு ஓய்ந்த பிறகு அதில் உலை வைத்துக்கொண்டாள். விறகு கேட்கக் கூச்சப்பட்டுப் பல நாள் ஊறவைத்த அவலோடு முடித்துக்கொண்டாள். கல்யாணத்தில் பார்த்தபோது பட்டுப்புடவைக்குள் ஆளே இல்லை. மணமேடையில் எல்லோரையும்விட அவள்தான் சந்தோஷமாக இருந்தாள்.

சின்னவன் மனைவியோடு திருப்பூர் போனான். பச்சையம்மாள் அடுப்பைப் போட்ட கையோடு மறு விண்ணப்பம் கொடுத்தாள். சாரும் நானும் மறுபடி போனோம். கொல்லைக்குப் போனார். குனிந்தார். விரலை உள்ளே விட்டுத் தேய்த்தார். விரலில் பெயருக்குத்தான் ஏதோ ஒட்டியிருந்தது. எழுந்து கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அடுப்பு புதுசும்மா" என்றார் வருத்தத்தோடு. "போன தடவ நான் வந்தப்ப இது இல்ல. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"எல்லாரும் இப்பல்லாம் அப்படித்தாம்மா சொல்றாங்க."

பேனா மூடி கழன்றது. பச்சையம்மாள் தகரக் காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "ஏன் சார், அன்னிக்கு இட்லி தின்னேன்னு சொன்னேனே, அதுல ஒரு வார்த்தையாவது சந்தேகப்பட்டீங்களா? எந்த மருமவ போட்டா, எங்க காட்டு பாப்பம்னு கேட்டீங்களா? சோறு இல்லன்னு சொன்னாத்தான் உங்களுக்கு சந்தேகம் வருமா?"

சார் வாயைத் திறப்பதற்குள் பச்சையம்மாளே பேச்சை நிறுத்திவிட்டாள். கொல்லைப் பக்கம் திரும்பும் மூலையில் சம்பந்தியம்மாள் நின்றிருந்தாள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வேண்டுதலுக்கு வந்தவள், அப்படியே இங்கேயும் இறங்கி எட்டிப் பார்க்க வந்திருக்கிறாள். கையில் மெழுகுவத்திப் பையும் வாழைத்தாரும். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. பச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். எந்த மனுஷிக்குத் தெரியக்கூடாது என்று வயிற்றைக் காயப்போட்டாளோ அவள் கண்ணெதிரே நிற்கிறாள்.

சம்பந்தியம்மாள் வாழைத்தாரை இறக்கி வைத்தாள். "எழுதுங்க சார். அந்தம்மா சொல்றது நெசம்" என்றாள்.

"நீங்க பார்த்தீங்களாம்மா?" என்றார் சார்.

"அன்னிக்கு வூடு பாக்க வந்தப்ப அடுப்ப பாக்கல. அடுப்பு இருந்த எடத்த பாத்தேன். நாலா பக்கமும் காஞ்சு கெடக்கு, தகரத்துக்குக் கீழ மட்டும் ஈரமா மொழுவியிருக்கு. மேல தகரம் பூரா கரி. இது தெரியாமயா பொண்ண பெத்திருக்கேன்?" பிறகு பச்சையம்மாள் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் சம்பந்தியம்மா தலைய குனியிறீங்க? எம் மூத்தவனுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வர்றப்ப நானும் என் தனி அடுப்ப இடிச்சுட்டுத்தான் ஒக்காந்திருந்தேன். புள்ள பேரு கெட்டுடக்கூடாதுன்னு பட்டினி கெடக்குற மனுசி, நம்ம பொண்ண பாத்துக்குவான்னுதான் அன்னிக்கே சரின்னு சொன்னேன்."

தெய்வசிகாமணி சார் அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் குனிந்து குனிந்து அடுப்பைப் பார்த்தவர், மேலே பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஒரு குச்சியை எடுத்துச் சுரண்டினார். கரி கட்டியாக உதிர்ந்தது. விரலில் வைத்துத் தேய்த்தார். சொரசொரப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அவரும் மனிதர்தானே, சம்பந்தியம்மாளைப் பார்த்து, "நீங்களும் விண்ணப்பம் குடுங்கம்மா, நான் வந்து பார்க்கறேன்" என்றார்.

அந்த அம்மாள் பதறிப்போனாள். "ஐயோ, வேணாம் சார்! எனக்குக் கடைசிப் பையன் ஒருத்தன் நிக்கிறான். நீங்க பாட்டுக்கு ஜீப்ப எடுத்துக்கிட்டு வந்துடாதீங்க."

பச்சையம்மாளுக்கு ஆணை வந்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம், நான் மனசு கேட்காமல் நேரிலேயே கொண்டு போனேன். வெயில் நேரம். தகரத்துக்குக் கீழே முட்டியை நீட்டி உட்கார்ந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஆணையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வங்கி ஆள் மாதாமாதம் மெஷினோடு வீட்டுக்கே வருவார், ரேகை வைத்தால் போதும், யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினாள். எண்ணெய் வாங்கலாம், மாத்திரை வாங்கலாம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"ஆர்.ஐ. அம்மா, பெரியவன் மவ போன வாரந்தான் சமைஞ்சுது. இன்னும் கொஞ்ச வருசத்துல அதப் பொண்ணு பாக்க வருவாங்க. அடுப்ப நான் இடிச்சுக்குவேன், அது எம் பாடு. இந்தப் பணத்த அப்ப கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சுட்டு, கல்யாணம் முடிஞ்சதும் மறுபடி குடுப்பாங்களான்னு மட்டும் ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க."